உப்பு நீரிலும் கருகாத புல்: இலையில் பூக்கும் வெண்தூள் எங்கிருந்து வருகிறது?

கடைமடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடைமடை வரை வந்து சேரும் ஆண்டுகளில் சம்பா நெல் போடுவோம். அறுவடைக்குப் பிறகு நிலம் சும்மாதான் கிடக்கும். நான்கு மாடுகளுக்குத் தீவனம் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்பதால், சென்ற தை மாதத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி, அரை ஏக்கரில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணைகளை நட்டேன். அந்த நீரின் மின்கடத்துதிறன் (இ.சி. - கரைந்த உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவு) 7 டெசிசீமன். மண் பரிசோதனை அட்டையில் இ.சி. 2.1 என்றும் பி.எச். 8.0 என்றும் இருந்ததால், மண்ணில் பெரிய குறை ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கரணைகள் நன்றாகவே முளைத்தன. முதல் இரண்டு வாரம் வளர்ச்சி மந்தமாக இருந்ததே தவிர இலை பச்சையாகத்தான் இருந்தது. அதன்பின் அடியிலைகள் நுனியிலிருந்து பழுப்பேறிக் கருகத் தொடங்கின; பங்குனி முடிவதற்குள் பாதிக்கு மேல் பட்டுப்போயின. ஆனால் அதே நீர் ஓடும் வாய்க்கால் கரையில் அருகம்புல்லும், அதோடு பெயர் தெரியாத இன்னொரு குட்டைப் புல்லும் எந்த வாட்டமும் இல்லாமல் படர்ந்து கிடக்கின்றன. அந்தக் குட்டைப் புல்லின் இலைகள் விறைப்பாக, தண்டின் இரு பக்கமும் வரிசை பிடித்து, முள்போல் கூர்மையாக இருக்கும். விடியற்காலையில் அவற்றின்மேல் பனித்துளிபோல நுண்ணிய துளிகள் நிற்கின்றன. வெயில் ஏறி ஒன்பது மணி ஆனதும் அந்த இடத்தில் வெண்தூள் படிந்திருக்கிறது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பேதான்.

ஒரே நீர் ஒரு புல்லைக் கொல்வதும் இன்னொரு புல்லைப் பச்சையாக வைத்திருப்பதும் எப்படி என்று அறிய விரும்புகிறேன். இந்தப் புற்களையே தீவனமாக வளர்க்க முடியுமா என்பதும், இரண்டு ஆண்டுகள் இப்புல்லை வளர்த்தால் மண்ணிலுள்ள உப்பையெல்லாம் அதுவே உறிஞ்சி எடுத்துவிடும் என்று பக்கத்து வயல்காரர் சொல்வது சரிதானா என்பதும் என் அடுத்த ஐயங்கள்.

---

இலைநரம்பு

நாக்கில் வைத்துப் பார்த்தபோதே விடையில் பாதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், ஐயா. அந்தத் துளி பனியன்று. புல் தானே வெளியேற்றிய உப்பு நீர். அந்தக் குட்டைப் புல் ஏலுரோப்பஸ் லாகோபாய்டிஸ் அல்லது ஸ்போரோபோலஸ் விர்ஜினிக்கஸ் என்ற இரண்டில் ஒன்றாக இருக்கலாம். இரண்டும் நம் கடற்கரையில் உள்ளவை. இலையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம். கதிர் வரும்வரை பொறுத்திருங்கள். கதிர் முயலின் பாதம்போல உருண்டு, மயிரடர்ந்து இருந்தால் ஏலுரோப்பஸ் (லாகோபாய்டிஸ் என்ற பெயரே அந்த உவமையிலிருந்து வந்ததுதான்). ஒல்லியாக, நீண்டு, வழுவழுப்பாக இருந்தால் ஸ்போரோபோலஸ்.

உங்கள் நேப்பியர் பட்ட வரிசையைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். உப்பு ஒரு செடியை இரண்டு கட்டமாகத் தாக்கும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. முதல் கட்டத்தில் உப்பு செடிக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. மண்நீரில் உப்புச் செறிவு கூடினால், ஈரம் காலடியில் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. தண்ணீரில் நின்றபடியே செடி வறட்சியை அனுபவிக்கிறது. புதிய இலை விரிவது உடனே மந்தமாகும். உங்கள் முதல் இரண்டு வாரம் அதுதான். இரண்டாம் கட்டம் மெதுவாக வருவது. சோடியமும் குளோரைடும் இலைகளில் நாள்தோறும் சேர்ந்து, ஓர் அளவைத் தாண்டியதும் இலை கருகுகிறது. அதிக நாள் நீரை ஆவியாக்கிய அடியிலைகளில்தான் உப்பு அதிகம் சேர்ந்திருக்கும் என்பதால் அவையே முதலில் போகின்றன. பழைய இலை சாகும் வேகம் புதிய இலை வரும் வேகத்தை மிஞ்சிவிட்டால் செடிக்கு மீட்சியில்லை.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு செடி தன் உடலில் தங்கவைக்கும் நீரைப்போல ஏறத்தாழ 50 மடங்கு நீரை இலைவழியே ஆவியாக்கிவிடுகிறது. ஆவியாவது நீர் மட்டுந்தான். அதனோடு வந்த உப்பு இலையிலேயே நின்றுவிடும். ஆகவே வேரை அடையும் உப்பில் 100க்கு 2 பங்கு மட்டுமே மேலே ஏறினாலும், இலையின் உப்புச் செறிவு நாளடைவில் மண்நீரின் செறிவுக்குச் சமமாகிவிடும். 5 பங்கு ஏறினால் இரண்டரை மடங்கு. உப்பைத் தாங்கும் புல்லுக்கும் தாங்காத புல்லுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் இந்தச் சில விழுக்காடுகளில்தான் இருக்கிறது.

தாங்கும் புற்கள் முதலில் வேரிலேயே காவல் வைக்கின்றன. வேரின் உட்புறத்தில் மெழுகுத்தன்மையுள்ள ஒரு வளையம் செல்களுக்கு இடையே உப்பு நழுவிச் செல்வதைத் தடுக்கிறது. அதையும் மீறி நீர்க்குழாயில் நுழைந்த சோடியத்தை எச்.கே.டி. என்ற புரதக் குடும்பம் வழியிலேயே பிடித்துப் பக்கத்துச் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் ராணா முன்ஸ் குழுவினர் இவ்வகை மரபணு ஒன்றைப் பழைய கோதுமை உறவினத்திலிருந்து துரம் கோதுமைக்கு மாற்றி, உவர் வயலில் அது 25 விழுக்காடு வரை கூடுதல் விளைச்சல் தந்ததை 2012இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு வாயிற்காவலனால் இவ்வளவு வேறுபாடு.

காவலை மீறி இலைக்கு வந்துவிட்ட சோடியத்தை, செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழுக்குள் தள்ளி அடைக்கிறது புல். அப்போது செல்லின் உயிர்ப்பகுதியிலிருந்து நீர் குமிழை நோக்கி இழுபடாமல் இருக்க, கிளைசின் பீட்டைன், புரோலின் போன்ற தீங்கற்ற பொருள்களைத் தயாரித்து மறுதட்டில் எடை வைக்கிறது. இவற்றைச் செய்யச் செலவாகும் ஆற்றல் வளர்ச்சியிலிருந்துதான் கழியும். உப்பில் பிழைத்த புல்லும் குட்டையாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி நீங்கள் கண்ட துளி. அருகம்புல், ஏலுரோப்பஸ், ஸ்போரோபோலஸ் எல்லாம் குளோரிடாய்டு என்ற ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் இலையில், நரம்புகளை ஒட்டி வரிசை வரிசையாக, இரண்டே செல்களால் ஆன உப்புச் சுரப்பிகள் உள்ளன. அடிச்செல் இலைக்குள் புதைந்திருக்கும். தொப்பிச்செல் வெளியே எட்டிப் பார்க்கும். அடிச்செல் உப்பைத் திரட்டி மேலே அனுப்ப, தொப்பியின் மேல்தோலுக்கு அடியில் அது தேங்கி, நுண்துளைகள் வழியே கசிகிறது. இந்தக் கசிவில் தேர்வும் உண்டு. சோடியமும் குளோரைடும்தான் மிகுதியாக வெளியேறும். செடிக்குத் தேவையான பொட்டாசியத்தைச் சுரப்பி பெரும்பாலும் விட்டுக்கொடுப்பதில்லை. 1990களில் கென்னத் மார்க்கம் இத்துணைக்குடும்பத்துப் புற்கள் பலவற்றை உப்பு நீரில் வளர்த்து ஒப்பிட்டபோது, சுரப்பி நெருக்கமாகவும் சுரப்பு வேகமாகவும் உள்ளவையே உப்பை அதிகம் தாங்கின. கம்பு, நேப்பியர், சோளம், மக்காச்சோளம் முதலியவை வேறு துணைக்குடும்பம். அவற்றுக்கு இந்த வகைச் சுரப்பி வசதி இல்லை.

நெல்லுக்கும் இத்தகைய உறவினர் ஒருவர் உண்டு என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சுந்தரவனத்துச் சேற்றில் ஓதத்தில் மூழ்கி எழும் போர்ட்டரேசியா என்ற காட்டுநெல், இலையின் மேற்பரப்பிலுள்ள ஒற்றைச்செல் மயிர்கள் வழியே உப்பை வெளியேற்றுகிறது. நம் வயல் நெல்லுக்கு அந்த மயிர் இல்லை.

---

மண்வாசி

மேலே எழுதியவர் செடியைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் அந்த 2.1 என்ற எண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் உங்களை ஏமாற்றியது அதுதான் என்று நினைக்கிறேன்.

நம் மண் பரிசோதனைக் கூடங்களில் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்து, அந்தக் கரைசலின் இ.சி.யை அளப்பார்கள். எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று உலகெங்கும் பயன்படுத்தும் அட்டவணைகளோ, மண்ணைக் குழம்பாகப் பிசைந்து அதிலிருந்து பிழிந்தெடுத்த நீரின் இ.சி.யை அடிப்படையாகக் கொண்டவை. முதல் முறையில் உப்பு நீர்த்துப்போவதால் எண் குறைவாகத் தெரியும். மண்ணின் தன்மையைப் பொறுத்து உண்மையான மதிப்பு அதைப்போல இரண்டு முதல் நான்கு மடங்கு வரை இருக்கும். உங்கள் 2.1 உண்மையில் 5 அல்லது 6 ஆக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். 4ஐத் தாண்டினாலே அதை உவர் நிலம் என்றுதான் வகைப்படுத்துவார்கள்.

மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977இல் தொகுத்த அட்டவணைப்படி, சூடான் புல் என்ற தீவனப்புல் 2.8 வரையும் நெல் 3.0 வரையும் அருகம்புல் 6.9 வரையும் விளைச்சல் குறையாமல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமனுக்கும் நெல்லில் 12 விழுக்காடும் அருகம்புல்லில் 6.4 விழுக்காடும் குறையும். அதாவது மண்ணின் இ.சி. 10 ஆனாலும் அருகம்புல் ஐந்தில் நான்கு பங்கு விளைச்சலைத் தந்துவிடும். அந்த மண்ணில் நெல்லுக்குச் சொச்சம்தான் மிஞ்சும்.

பாய்ச்சும் நீரில் எவ்வளவு பங்கு வேரைத் தாண்டிக் கீழே வடிந்தால் உப்பு தேங்காது என்பதற்கும் ஓர் எளிய சூத்திரம் உண்டு. பயிர் தாங்கும் இ.சி.யை ஐந்தால் பெருக்கி, அதிலிருந்து நீரின் இ.சி.யைக் கழித்து, வரும் எண்ணால் நீரின் இ.சி.யை வகுக்க வேண்டும். உங்கள் நீருக்கு அருகம்புல்லில் 7ஐ 27.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.25, கால் பங்கு வடிந்தால் போதும். சூடான் புல்லுக்கு 7ஐ 7ஆல் வகுக்க வேண்டும், விடை 1. பாய்ச்சும் நீர் முழுவதும் வடிந்துவிட வேண்டும் என்று பொருள். பயிர் குடிக்க ஒரு சொட்டும் மிஞ்சாத கணக்கு அது. நேப்பியர் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது அருகம்புல் பக்கம் நிற்கும் பயிராகத் தெரியவில்லை.

---

உவர்க்காடு

பக்கத்து வயல்காரர் சொல்வதை அப்படியே தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. பாகிஸ்தானில் ஃபைசலாபாத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் கல்லர் புல் என்ற உப்புத் தாங்கும் புல்லை உப்பு நிலங்களில் பரவலாக வளர்த்து, மண் திருந்தியதைக் காட்டியிருக்கிறார்கள். அரியானாவில் கர்னாலிலுள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையமும் அதே புல்லைக் களர் நிலத்துக்குப் பரிந்துரைத்தது. அங்கே அதற்குக் கர்னால் புல் என்றே பெயர். அதன் இலையிலும் உப்புச் சுரப்பி உண்டு. புல் உப்பை வெளியே தள்ளுகிறது என்றால் மண்ணில் உப்பு குறையத்தானே வேண்டும்?

---

மண்வாசி

நீங்கள் சொன்ன இரு இடங்களும் உண்மை, அங்கே மண் திருந்தியதும் உண்மை. காரணம்தான் வேறு. களர் நிலமும் உவர் நிலமும் ஒன்றல்ல. களரில் சிக்கல் கரைந்த உப்பின் அளவன்று. மண் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டு, மண் சீமெந்துபோல் இறுகி, நீர் கீழே இறங்காமல் போவதுதான். அங்கே கல்லர் புல்லின் வேர்கள் இறுகிய மண்ணைத் துளைத்து வழி உண்டாக்குகின்றன. வேர் வெளிவிடும் கரியமில வாயு, மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. அந்தக் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்க, மழையோ நல்ல பாசன நீரோ அதைக் கீழே கொண்டுபோகிறது. உப்பை அகற்றுவது நீர். புல் செய்வது கதவைத் திறந்துவிடும் வேலை.

கடைமடை ஐயாவின் நிலத்தில் பி.எச். 8.0தான், களரில் இருக்கும் அளவுக்கு உயரவில்லை; பார்வைக்கு அது உவராகத் தெரிகிறதே தவிர களராகத் தெரியவில்லை. கணக்கைப் பாருங்கள். இ.சி. 7 என்றால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 4.5 கிராம் உப்பு. ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்சினால் அது ஏறத்தாழ 1,03,000 லிட்டர்; அதனோடு வயலுக்கு வந்து சேரும் உப்பு 460 கிலோ. ஏறக்குறைய ஒன்பது மூட்டை உப்பை ஒரே பாசனத்தில் கொட்டுகிறோம். இப்போது புல்லின் பக்கம் வாருங்கள். தாராளமாகவே, ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 4 டன் உலர்புல் அறுத்து, அதில் 100க்கு 8 பங்கு உப்பு என்று வைத்துக்கொண்டாலும், வயலை விட்டு வெளியேறுவது 320 கிலோ. ஓர் ஆண்டு முழுதும் புல் சுமந்து செல்வது ஒரு தடவைப் பாசனத்துக்குக்கூட ஈடாகவில்லை. மேலும் இலையிலிருந்து கசிந்த உப்பு காற்றிலும் பனியிலும் மழையிலும் அதே மண்ணில்தான் விழுகிறது. சுரப்பியால் இலை தப்பிக்கிறது. மண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

---

இலைநரம்பு

மண்வாசியின் கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உப்பை உடலில் சேர்த்துவைக்கும் செடிதான் வேண்டுமென்றால், உங்கள் ஊர் அளத்தோரத்தில் சிவந்து கிடக்கும் உமரிதான் புல்லைவிடப் பொருத்தம். உமரி போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் சோடியத்தை வாங்கி இலையிலும் தண்டிலும் நிரப்பிக்கொண்டே வளர்கின்றன. ஓரளவு உப்பு இருந்தால்தான் அவற்றுக்கு நல்ல வளர்ச்சி. புற்களின் வழி அதற்கு நேர்மாறானது. அவை சோடியத்தை இயன்றவரை உள்ளே விடாமல், பொட்டாசியத்தையும் சர்க்கரையையும் கொண்டு சமாளிப்பவை. பெரும்பாலான உப்புப் புற்கள் நல்ல நீரிலோ மிகக் குறைந்த உப்பிலோதான் மிகுதியாக வளர்கின்றன. உப்பைத் தாங்குவது வேறு, விரும்புவது வேறு. உப்பைத் தடுப்பதில் தேர்ந்த புல்லிடம் உப்பை அள்ளித் தா என்று கேட்பது பொருந்தாது.

---

கொட்டில்

தீவனத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். அருகம்புல்லை மாடு விரும்பித் தின்னும், அதில் ஐயமில்லை. ஆனால் நேப்பியர் தரும் விளைச்சலை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. நீர் தேங்கும் தாழ்வான பகுதி இருந்தால் எருமைப்புல்லைச் சிறிய அளவில் நட்டுப் பாருங்கள்; அது தேங்கிய நீரையும் ஓரளவு உப்பையும் பொறுக்கும். அந்தக் கூர்மையான குட்டைப் புல்லைத் தனித் தீவனமாக நம்ப வேண்டாம்.

பலரும் மறப்பது குடிநீரைத்தான். புல்லிலும் உப்பு, தொட்டி நீரிலும் உப்பு என்றால் இரண்டும் மாட்டின் உடலில் கூடிக்கொண்டே போகும். லிட்டருக்கு 4.5 கிராம் உள்ள அந்த நீரை ஒரு மாடு நாளொன்றுக்கு 40 லிட்டர் குடித்தால், நீரிலிருந்து மட்டும் 180 கிராம் உப்பு உள்ளே போகிறது. உப்புப் புல் தின்ற மாடு இன்னும் அதிகமாகத் தண்ணீர் தேடும். ஆகவே குடிக்க நல்ல நீர் வையுங்கள், புல்லை வைக்கோலோடு கலந்து போடுங்கள், தவிட்டில் கைப்பிடி உப்பு சேர்க்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். கழிச்சல் கண்டால் புல்லின் அளவைக் குறைத்துவிட்டு, கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

---

கடைமடை

அனைவருக்கும் நன்றி. மண்வாசியின் ஒன்பது மூட்டைக் கணக்கைப் பக்கத்து வயல்காரரிடம் வாசித்துக் காட்டினேன். பாசனத்துக்கு ஒன்பது மூட்டையா என்று இருமுறை கேட்டார், மூன்றாம் முறை ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ஒரு சிறிய சோதனை செய்தேன். குட்டைப் புல்லில் 10 கிராம் இலையைக் காலை பத்து மணிக்குக் கத்தரித்து, 200 மில்லி சுத்திகரித்த குடிநீரில் ஒரு நிமிடம் அலசினேன். நீரின் இ.சி. 0.04இலிருந்து 0.9க்கு ஏறியது. அதே இடத்து அருகம்புல்லில் அதே அளவு இலைக்கு 0.2தான் வந்தது. வாடிக்கொண்டிருக்கும் நேப்பியர் இலையில் 0.1. அருகம்புல்லுக்கும் சுரப்பி உண்டு என்றீர்களே, பின் ஏன் இவ்வளவு குறைவு?

---

இலைநரம்பு

அருமையான சோதனை. எல்லாச் சுரப்பிகளும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. அருகம்புல் அந்தக் குட்டைப் புல்லளவுக்குச் சுரப்பதில்லை, வேரில் தடுப்பதையும் சேர்த்துத்தான் அது பிழைக்கிறது. நேப்பியரில் வந்த 0.1 பெரும்பாலும் காற்றில் வந்து படிந்த தூசியாகவோ, கருகிய நுனியிலிருந்தும் வெட்டுவாயிலிருந்தும் கசிந்ததாகவோ இருக்கலாம். அதை உறுதிசெய்ய, இலைகளை மாலையில் செடியிலேயே நன்றாகக் கழுவிவிட்டு, மறுநாள் காலையில் கத்தரித்து மறுபடி அளந்து பாருங்கள். ஓரிரவில் புதிதாக ஏறும் எண்தான் சுரப்பு.

---

மண்வாசி

நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் புல்லானாலும் இளம் பருவத்தில்தான் உப்புக்கு மிகவும் அஞ்சும். அட்டவணையில் உள்ள எண்கள் நன்றாக வேரூன்றிய பயிருக்கு உரியவை. புல்லுக்கென்று ஒதுக்கும் அந்த அரை ஏக்கரை மேடாக்கி, சுற்றி வடிகால் எடுத்து, ஐப்பசி மழை நன்றாகப் பெய்து மேல்மண்ணின் உப்பு இறங்கிய பிறகு அருகம்புல் தண்டுகளை ஊன்றுங்கள். தைக்குள் வேர் பிடித்துவிடும். அதன்பிறகு கிணற்று நீரைக் கொடுக்கலாம். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே பூக்கும் என்பதால், இடைவெளி விட்டு, கால் பங்கு வடியும் அளவுக்கு நிறைத்துப் பாய்ச்சுங்கள். மண் மாதிரியைச் சித்திரைக் கடைசியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும், ஒரே இடத்தில் ஒரே ஆழத்தில் எடுத்து, குழம்புப் பிழிவு முறையிலேயே அளந்து தரும்படி கூடத்தில் கேளுங்கள்.